மூன்று வருஷம் பொறுக்கும் காசு

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரனுக்கு வருஷம் பல தேதிகளில் பிறக்கும். பஞ்சாங்கத்துக்குச் சித்திரை ஒன்று. வருமான வரிக்கு ஏப்ரல் ஒன்று. மண்டிக் கணக்குக்கு இன்னமும் சிலர் ஆயுத பூஜையன்றுதான் புது நோட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். ரோட்டரி சங்கத்தில் சேர்ந்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு ஜூலை ஒன்று என்று இன்னொரு வருஷப் பிறப்பும் உண்டு. அந்த மாதம் பழைய தலைவர் தன் கழுத்துப் பட்டையைக் கழற்றிப் புதியவருக்கு மாட்டுவார். மாலை, பொன்னாடை, போட்டோ, பிரியாணி. ஆனால் புதியவரின் சோதனை அதற்கு முன்பே தொடங்கிவிடும். சேலத்து வெயில் மண்டையைப் பிளக்கும் நாட்களிலேயே அவர் ஒரு எண்ணை முடிவு செய்து இணையத்தில் ஏற்றியாக வேண்டும். வரும் வருஷம் நம் சங்கம் ரோட்டரியின் அறக்கட்டளையான ரோட்டரி பவுண்டேஷனுக்கு எத்தனை டாலர் தரும் என்ற எண் அது.

எங்கள் பேச்சில் அதற்கு டி.ஆர்.எஃப். கோல் என்று பெயர். பல சங்கங்களில் அது முடிவாகும் விதம் ரொம்பச் சுலபம். போன வருஷக் கணக்கைப் பார்ப்பார்கள், அதற்கு மேல் பத்து சதவிகிதம் போடுவார்கள். எங்கள் ரோட்டரி மாவட்டத்தின் கவர்னர் கேட்டது அதைவிடக் கூடுதல் என்றால், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று கவர்னர் சொன்னதையே எழுதிவிடுவார்கள். எழுதிய எண் அடுத்த ஜூன் கடைசி வாரத்தில்தான் மறுபடி ஞாபகம் வரும். அப்போது ஆளாளுக்கு போன் பறக்கும்.

வியாபாரத்தில் ஊறிய ஊரில் இப்படி நடப்பதுதான் வேடிக்கை. லீ பஜாரில் ஒரு மூட்டை துவரம்பருப்பு கடனுக்குப் போனால், அது எந்த ஊர்க் கடைக்குப் போகிறது, அந்தக் கடைக்காரர் எந்தச் சந்தை நாளில் பணம் கட்டுவார், போன தடவை எத்தனை நாள் இழுத்தார் என்பதெல்லாம் மண்டிக் கணக்கப்பிள்ளைக்கு அத்துப்படி. வெல்ல மண்டியில் ஏலம் கேட்பவர் சிப்பத்தை உடைத்து வாயில் போட்டுப் பார்க்காமல் விலை சொல்லமாட்டார். அப்படிப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் தர்மம் செய்யும்போது மட்டும் பணம் எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது என்று கேட்பதில்லை. கேட்டால்தான் அந்த எண்ணை எப்படிப் போடுவது என்று புரியும்.

இந்தப் பணத்தின் நடை மற்ற நன்கொடைகளைப் போல் இல்லை. வருடாந்தர நிதிக்கு இன்று கொடுக்கும் தொகை மூன்று வருஷம் முதலீட்டில் இருக்கும். மூன்றாவது வருஷம் முடிந்ததும் நூற்றுக்கு ஐந்து நிர்வாகச் செலவுக்குப் போகும். மீதி சரிபாதியாகப் பிரியும்: நாற்பத்தேழரை உலக நிதிக்கு, நாற்பத்தேழரை நம் மாவட்டத்தின் கணக்குக்கு. மாவட்டம் என்றால் கலெக்டர் மாவட்டம் இல்லை. சேலம் அடங்கிய ரோட்டரி மாவட்டத்துக்கு 2982 என்று எண். அதன் பங்கில் பாதி வரை உள்ளூர்ச் சிறு பணிகளுக்குச் செலவழிக்கலாம். மற்றதை உலக மானியம் என்கிற பெரிய வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆக, இன்று கையேந்தும் தலைவரின் காலத்தில் இந்தக் காசால் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர்க் குழாய்கூட வராது. அவருக்குப் பின் இன்னும் இரண்டு பேர் பட்டை மாட்டிக் கழற்றிய பிறகு, மூன்றாமவர் நாடா வெட்டுவார். அவர் கட்டும் கழிப்பறையின் கல்வெட்டில் அவர் பெயர்தான் இருக்கும். மூன்று வருஷத்துக்கு முந்தையவர் பந்தலில் நாலாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார். ரோட்டரியில் பதவி எல்லாம் ஒரு வருஷத்துக்குத்தான். காசுக்கு மட்டும் மூன்று வருஷ ஆயுள். இந்தப் பொருத்தமின்மையை யார் யோசித்து ஏற்படுத்தினார்களோ, மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர்கள். தன் பெயர் வராத ஒன்றுக்குப் பணம் திரட்டுவது ஒரு தலைவருக்கு நல்ல பயிற்சி.

'நம்ம தெருவிலேயே ஸ்கூல் ஒழுகுது, அமெரிக்காவுக்கு எதுக்குங்க அனுப்பணும்?' என்று ஒவ்வொரு வருஷமும் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். இந்தியாவில் கொடுப்பது ரோட்டரி பவுண்டேஷன் இந்தியா என்ற அமைப்பின் கணக்கில் ரூபாயாகத்தான் போகிறது, 80ஜி ரசீதும் வருகிறது என்றால் பாதி சமாதானம் ஆவார். மீதிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். உலக மானியத்துக்குக் குறைந்தபட்சத் திட்டச் செலவு 30,000 டாலர். வேலை நடக்கும் நாட்டுச் சங்கம் ஒன்றும் வெளிநாட்டுச் சங்கம் ஒன்றும் கைகோக்க வேண்டும். மாவட்டக் கணக்கிலிருந்து 10,000 டாலர் போட்டால் உலக நிதி தன் பங்காக 8,000 சேர்க்கும். அதோடு வெளிநாட்டு மாவட்டத்தின் பங்கு, அதற்கும் ஈடாக எண்பது சதவிகிதம். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து தனியாகப் போன காசு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறது. ஒரு சங்கம் மட்டும் வாங்க முடியாத டயாலிசிஸ் இயந்திரங்களை நாலு சங்கங்கள் சேர்ந்து ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது இந்த வழியில்தான். ஒழுகும் பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றக் காத்திருக்கச் சொல்லவில்லை. அதை இந்த வாரமே உள்ளூர்ப் பணத்தில் செய்யலாம், செய்யவும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே உண்டியலை நீட்டுவதால் வரும் குழப்பம் இது.

இந்த நிதி பிறந்த கதையைப் புதுத் தலைவர்கள் படித்தால் நல்லது. கிளீவ்லாந்தில் மர வியாபாரம் செய்த ஆர்ச் கிளம்ப் 1917இல் அட்லாண்டா மாநாட்டில் தலைவராக நின்று, உலகத்துக்கு நன்மை செய்ய நமக்கென்று ஒரு மூலநிதி வேண்டும் என்றார். மறு வருஷம் கான்சாஸ் நகரச் சங்கம் முதல் நன்கொடை அனுப்பியது: இருபத்தாறரை டாலர். 1928இல் ரோட்டரி பவுண்டேஷன் என்று பெயர் வைக்கும்போது நிதியில் இருந்தது ஐயாயிரம் டாலருக்குச் சற்று மேல். இன்றைய கோல் அட்டவணையில் போட்டிருந்தால் கிளம்புக்கு ஒவ்வொரு வருஷமும் சிவப்பு மைதான். 1930இல் முதல் உதவி 500 டாலர், கை கால் ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒரு சங்கத்துக்குப் போயிற்று. பிற்பாடு பவுண்டேஷனின் பெரும்பணம் எந்த நோய்க்கு எதிராகப் போகப் போகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. 1947இல் ரோட்டரியைத் தோற்றுவித்த பால் ஹாரிஸ் இறந்தபோது, அவர் நினைவாகப் பணம் வந்து குவிந்தது. அந்தப் பணத்தில் பதினெட்டு மாணவர்கள் வெளிநாட்டில் மேற்படிப்புப் படித்தார்கள். கோல் வைத்து வந்த பணமில்லை அது. ஒரு மனிதர் மேல் இருந்த மரியாதை.

1957இல் ஆயிரம் டாலர் கொடுத்தவருக்குப் 'பால் ஹாரிஸ் பெல்லோ' என்ற மரியாதை ஏற்பட்டது. அந்த ஆயிரம் இன்று வரை ஆயிரம்தான். அமெரிக்கனுக்கு அது வருஷா வருஷம் மலிந்துகொண்டே வந்திருக்கிறது. நமக்கோ கதை வேறு. அன்று ஒரு டாலர் நாலு ரூபாய் எழுபத்தாறு காசு. ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும். இன்று எண்பதாயிரத்தைத் தாண்டுகிறது. நாமக்கல்லில் முட்டைக்கு விலை அறிவிப்பது போல ரோட்டரியும் டாலருக்கு மாதா மாதம் ஒரு விலை அறிவிக்கும். வெள்ளி விலையை மணிக்கு மணி பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் அதையும் விடுவதில்லை. அடுத்த மாதம் இறங்குமா என்று காத்திருந்து கொடுக்கிற புண்ணியவான்களும் உண்டு. (லயன்ஸ்காரர்களின் மெல்வின் ஜோன்ஸ் பெல்லோவுக்கும் அதே ஆயிரம் டாலர்தான். போட்டி போட்டு விலையைக் குறைக்காமல் இருக்கிறார்களே, அந்த மட்டில் சந்தோஷம்.)

கோல் என்றால் என்ன என்பதை எனக்கு உணர்த்தியது போலியோதான். 1979இல் பிலிப்பைன்ஸில் அறுபது லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து என்று சிறியதாகத் தொடங்கிய வேலை, 1985இல் போலியோ பிளஸ் என்ற உலகத் திட்டமானது. பணத்துக்கு வைத்த கோல் 120 மில்லியன் டாலர். மூன்று வருஷத்துக்குள் அதுபோல இரு மடங்குக்கு மேல் வந்து சேர்ந்தது. வேலைக்கு வைத்த கோல், நோயை உலகத்தை விட்டே துரத்துவது. 1988இல் உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் வருஷத்தைக் கெடுவாக வைத்தது. ரோட்டரி தன் நூற்றாண்டான 2005க்குள் முடிந்துவிடும் என்று நம்பியது. இரண்டு கெடுவும் தாண்டிப் போய்விட்டன. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்தக் கிருமி இன்னும் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது. பணக் கோலில் அபார வெற்றி, காரியக் கோலில் தாமதம். ஒரு வருஷத் தலைவர்கள் நடத்தும் இயக்கம் இதில் சலித்துப்போய் வேறு திட்டத்துக்குத் தாவியிருக்க வேண்டும். தாவவில்லை. ரோட்டரி இதுவரை இதற்குத் திரட்டியது இரண்டு பில்லியன் டாலருக்கு மேல். வருஷத்துக்கு ஐம்பது மில்லியன் திரட்டினால் கேட்ஸ் அறக்கட்டளை ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிறது.

இந்தக் காசின் கடைசி முனையை நான் எங்கள் பேட்டையிலேயே பார்த்திருக்கிறேன். 1995இல் நாடு முழுக்கத் தொடங்கிய பல்ஸ் போலியோ ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட வாசலில் ஒரு மேஜை, மேலே துணிப் பந்தல், நீல நிறக் குளிர்ப்பெட்டி. எங்கள் ஆட்கள் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு தெருமுனையில் நின்று குழந்தைகளை அழைத்துவருவார்கள். சொட்டு போடும் நர்ஸம்மா ஒவ்வொரு குப்பியையும் எடுத்ததும் முதலில் லேபிளைப் பார்ப்பார். அதில் ஒரு சிறு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. வெயில் பட்டுச் சதுரம் கறுத்து வட்டத்தோடு ஒன்றாகிவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இரண்டு சொட்டு, பிறகு இடது சுண்டு விரலில் மை. சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் பேத்தியைத் தோளில் தூக்கி வந்து, 'போன மாசம்தானே போட்டோம், மறுபடியும் எதுக்குங்க?' என்று கேட்டார். 'எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நாள்ல போடணுங்கய்யா, ஒரு பிள்ளை விட்டாலும் வேலைக்காகாது' என்றார் நர்ஸம்மா. ஒரே நாளில் எல்லோருக்கும் என்ற இந்த முறையின் பலனை வேலூரில் செய்து காட்டியவர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் ஜேக்கப் ஜான். பேத்தி வாயைத் திறந்தாள்.

2009இல் இந்தியாவில் 741 குழந்தைகள் போலியோவால் பாதிக்கப்பட்டார்கள், உலகத்திலேயே அதிகம். 2010இல் 42. 2011இல் ஒரே ஒரு குழந்தை, ஜனவரி 13, மேற்கு வங்கத்து ஹவுராவில். அதற்குப் பிறகு இல்லை. 2014 மார்ச் 27 அன்று சான்றிதழ் கிடைத்தது.

இலங்கைக் கதையை எங்கள் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறேன். அங்கே போர் நடந்துகொண்டிருந்தபோது வடக்கே இருக்கும் குழந்தைகளுக்கு யார் போய்ச் சொட்டு போடுவது? கொழும்பு ரோட்டரியின் கே.ஆர். ரவீந்திரன் அப்போது அந்நாட்டின் போலியோ குழுவுக்குத் தலைவர். அரசாங்கம், யுனிசெப், ரோட்டரி மூன்றும் சேர்ந்த குழு, யுனிசெப் மூலம் இருதரப்போடும் பேசி, தடுப்பு மருந்து நாட்களில் துப்பாக்கிகள் சும்மா இருக்கும்படி செய்தது. 2004 சுனாமிக்குப் பிறகு இருபத்தைந்து பள்ளிகளைத் திரும்பக் கட்டும் வேலைக்கும் அவரே தலைமை தாங்கினார். அவர் 2015-16இல் உலக ரோட்டரித் தலைவரும் ஆனார். போர் நிறுத்தத்தை எந்த அட்டவணையில் எத்தனை டாலர் என்று எழுதுவது? ஆனால் பேச்சுவார்த்தை முடிந்த மறுநாள் காலை, மருந்தும் குளிர்ப்பெட்டியும் வண்டியும் தயாராக இருந்தாக வேண்டும். அவற்றுக்கு முன்கூட்டியே பணம் வேண்டும். யாரோ சில ஊர்களில், எதற்கென்று தெரியாமலேயே, ஏதோ ஒரு மே மாதத்தில் எழுதிய எண்கள்தான் அந்தப் பணம்.

எங்கள் ஊர் வணிகத்துக்கு இப்படி முன்கூட்டியே கொடுத்துவைப்பது புதிய புத்தியும் இல்லை. என் சின்ன வயதில் உறவினர் ஒருவரின் மண்டிப் பட்டியலில் கமிஷன், கூலி, சாக்கு எல்லாம் எழுதிய பின் அடியில் மகமை என்று ஒரு வரி இருக்கும். மூட்டைக்கு இத்தனை காசு. விற்றவனும் வாங்கியவனும் அதைப் பற்றி முணுமுணுத்து நான் பார்த்ததில்லை. கோயில் திருவிழாவோ தண்ணீர்ப் பந்தலோ அதில் நடந்தது. விருதுநகரில் நாடார் உறவின்முறை மகமைப் பணத்தைக் கொண்டு 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராஜர் படித்தார். மகமையில் கோல் என்று எதுவும் கிடையாது. வியாபாரம் நடந்தால் தர்மமும் நடக்கும். அதன் குறை, கூடுதலாக ஒன்றை நினைத்து எட்டிப்பிடிக்கத் தெரியாதது. அதன் நிறை, யாரையும் விடாதது. பத்து மூட்டைக்காரனும் ஆயிரம் மூட்டைக்காரனும் அதே பட்டியலில் இருப்பான்.

போன கோடையில் எங்கள் கோல் கூட்டம் ஒரு வெள்ளிக்கடையின் மாடியில் நடந்தது. கீழே பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை கோக்கும் சத்தம். வரப்போகும் தலைவர் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, 'உங்களால முடிஞ்சத எழுதுங்க, பேரு மட்டும் விடாதீங்க' என்றார். எங்களில் மூத்தவர், பெரிய வெள்ளி வியாபாரி, காகிதத்தைத் தள்ளி வைத்தார். 'ஏன் தம்பி, மொத்தம் எவ்வளவு ஆகுது? நானே போட்டுடறேன். கூட்டத்த முடிச்சிட்டுச் சாப்பிடப் போலாம்' என்றார். கேலி இல்லை, நிஜமாகவே போட்டுவிடக்கூடியவர். அவர் சட்டையில் நீலக்கல் பதித்த பால் ஹாரிஸ் பின் ஏற்கனவே இருந்தது. ஒருமுறை அதைக் கழற்றிக் கட்டைவிரல் நகத்தில் உரசி, 'கில்ட்டுங்க' என்று எங்களைச் சிரிக்க வைத்தவரும் அவர்தான்.

தலைவர் வயதில் பாதிதான் இருப்பார். நிதானமாகச் சொன்னார்: 'நீங்க போட்டா கோல் இன்னைக்கே முடிஞ்சிருங்கண்ணா. அப்புறம் வருஷா வருஷம் எல்லாரும் உங்க முகத்தையே பார்ப்பாங்க. நீங்களும் எழுதுங்க, மத்தவங்களையும் எழுத விடுங்க.' பெரியவர் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு பேனா கேட்டார்.

அந்த இளைஞர் செய்ததுதான் சரியென்று எனக்குப் படுகிறது. ரோட்டரியின் விதியும் ஓரளவு அவர் பக்கம்தான்: உறுப்பினர் சராசரி நூறு டாலர் வந்தால் மட்டும் போதாது, ஒவ்வொருவரும் குறைந்தது இருபத்தைந்து டாலராவது கொடுத்திருந்தால்தான் 'ஒவ்வொரு ரோட்டேரியனும், ஒவ்வொரு வருஷமும்' என்ற பாராட்டு அந்தச் சங்கத்துக்குக் கிடைக்கும். பெரிய மனிதர் ஒருவர் நிரப்பிய கோலுக்கு ஆயுள் அவர் வியாபாரம் உள்ள வரை. வெள்ளி விலை ஒரு குதி குதித்தால் ஆர்டர் நின்று, அவர் கையும் நின்றுவிடும். ஐம்பது பேரின் சின்னத் தொகையோ, ஒருவர் நின்றாலும் நாற்பத்தொன்பது பேராக நடக்கும். மூன்று வருஷம் கழித்து அந்தப் பணத்தைச் செலவழிக்கப் போகிற தலைவர், இன்று யார் யார் கொடுத்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தால் தன் சங்கத்தில் எத்தனை பேர் உண்மையில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார்.

அதனால் நாங்கள் முதலில் தலைகளை எண்ணி, பிறகுதான் டாலரைப் போட்டோம். வந்த தொகை கவர்னர் கேட்டதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. அதை அப்படியே ஏற்றினோம்; உதவி கவர்னர் போனில் வருத்தப்பட்டார். போலியோவுக்கு என்று தனியாக ஒரு வரி வேண்டுமா, இல்லை எல்லாம் வருடாந்தர நிதிக்கே போகட்டுமா என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. நான் தனி வரி வேண்டும் என்ற கட்சி.

வசூல் எப்போது என்பதை மட்டும் பொருளாளர் யாரையும் கேட்காமல் முடிவு செய்துவிட்டார். ஜூலையில் உற்சாகமாகத் தொடங்கினால் அடுத்து ஆடி வந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன், குகை வண்டி வேடிக்கை, கோட்டை மாரியம்மன் என்று சேலம் முழுக்க ரசீதுப் புத்தகங்கள் திரியும் மாதம் அது. கல்யாணம் இல்லாததால் கொலுசு வியாபாரமும் மந்தம். அம்மனோடு போட்டி போட நமக்குத் தெம்பு இல்லை என்றார். நவம்பர் மாதத்தை ரோட்டரியே பவுண்டேஷன் மாதம் என்று வைத்திருக்கிறது. தீபாவளி முடிந்து கடைக்காரர்கள் கையில் காசு புரளும் நேரம். பான் எண்ணையும் அப்போதே வாங்கிக்கொள்ளப் போகிறாராம், 80ஜி ரசீதில் எண் தப்பாகிவிட்டது என்று மார்ச்சில் வந்து நிற்கக் கூடாது என்பதற்காக.